காலம் தாழ்த்தாத நீதி

திருவாரூர்ச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அறியாத தமிழ் மாணவர் இலர். இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, மன்னன் நடந்ததை அறிந்தான், முறை செய்தான். வகுப்பறையில் இக்கதையைக் கூறும்போதெல்லாம் பிள்ளைகள் மன்னனின் தியாகத்தையே வியந்து பேசுவர். அது தக்கதே. ஆயினும் அக்கதையில் நாம் கவனியாது விடும் மற்றொரு செய்தியும் உண்டு. மணி ஒலித்ததற்கும் முறை வழங்கப்பட்டதற்கும் இடையில் காத்திருப்பு என்பதே இல்லை. குறையுடையோர் கயிற்றை இழுத்த அன்றே அவர்தம் குறை கேட்கப்பட்டது. நீதியைப் பற்றி நம் முன்னோர் கண்ட கனவில் காலமும் ஓர் உறுப்பாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

கனவு ஒருபுறம் இருக்க, நடப்பு எவ்வாறு இருந்தது? என் தந்தையார் பால்மரத் தோட்டத் தொழிலாளி. 1983ஆம் ஆண்டில் அவர் சென்ற சைக்கிளைச் சரக்குந்து ஒன்று மோதியதால் வலக்கால் முறிந்தது. இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது. அப்போது நான் பள்ளி மாணவன். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் பேருந்தில் தந்தையாரைத் துணையிருந்து அழைத்துச் செல்வது என் கடமையாயிற்று. ஆறு ஆண்டுகளில் பதினொரு முறை சென்றோம். ஒரு முறை கோப்பு வந்து சேரவில்லை. ஒரு முறை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறொரு மன்றத்தில் இருந்தார். இரு முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருந்தார். நீதிபதி மாற்றலாகிப் போனதால் புதியவர் வரும்வரை ஓராண்டு கழிந்தது. கால் ஓரளவு தேறித் தந்தையார் வேலைக்குத் திரும்பிய பின்னர், காலைப் பெரட்டுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் கூலியில்லா நாளாயிற்று. இறுதியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சியம், குறுக்கு விசாரணை, மருத்துவர் அறிக்கை எல்லாம் சேர்ந்து ஒரு முற்பகலில் முடிந்தன. தீர்ப்பும் எங்கள் பக்கமே அமைந்தது.

ஆறு ஆண்டு நடந்த வழக்கில் உண்மையை ஆராய்வதற்குச் சென்ற நேரம் ஒரு முற்பகல் மட்டுமே. எஞ்சிய காலத்தை உண்டது யார்? இக்கேள்வி நெடுநாள் என் நெஞ்சில் இருந்தது. நீதிபதி சோம்பேறியா? அல்லர். எழுத்தர் நேர்மையற்றவரா? அதற்கும் சான்றில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தனர். ஆயினும் வழக்கு நகரவில்லை. இதற்குரிய விடையை வரலாற்றில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் படிப்பினை

நம் நாட்டு நீதிமன்றங்களின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1215ஆம் ஆண்டில் ஜான் மன்னன் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா எனும் உரிமைப் பட்டயத்தில், நீதியை எவருக்கும் விற்பதில்லை, மறுப்பதில்லை, தாழ்த்துவதுமில்லை என்னும் உறுதி இடம்பெற்றது. விற்றல், மறுத்தல் என்னும் இரு பெருங்குற்றங்களோடு தாழ்த்தலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டது நோக்கத்தக்கது.

இத்தகைய உறுதி அளித்த அதே நாட்டில்தான் சான்செரி எனும் நீதிமன்றம் தாமதத்திற்கே மறுபெயராக விளங்கிற்று. சொத்துரிமை, உயில், அறக்கட்டளை முதலியவை பற்றிய வழக்குகள் அங்கு ஆண்டுக்கணக்கில் தேங்கின. சார்லஸ் டிக்கன்ஸ் 1852, 1853ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பிளீக் ஹவுஸ்’ எனும் நாவலில், வழக்குச் செலவே சொத்து முழுவதையும் விழுங்கிவிட்ட ஓர் உயில் வழக்கைப் படைத்துக் காட்டினார்.

அம்மன்றத்தில் நெடுங்காலம் தலைமை வகித்தவர் எல்டன் பிரபு. 1801 முதல் 1827 வரை, இடையில் ஓராண்டு நீங்கலாக, அவரே அப்பதவியில் இருந்தார். சட்ட அறிவில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் அரியர். ஒவ்வொரு வழக்கையும் ஐயந்திரிபற ஆராய்ந்த பின்னரே தீர்ப்புரைக்க வேண்டும் என்னும் மனச்சான்று உடையவர். எனினும் அவர் காலத்தில் தேக்கம் பெருகியதே அன்றிக் குறையவில்லை. தனிமனிதரின் அறிவும் நேர்மையும் மட்டுமே ஒரு பொதுப்பணியைச் செம்மையாக நடத்திவிடா என்பதற்கு அவர் வாழ்வே எடுத்துக்காட்டு.

குறை எங்கிருந்தது? அம்மன்ற அலுவலர் பலர் சம்பளத்தால் வாழவில்லை, கட்டணத்தால் வாழ்ந்தனர். ஆவணங்களைப் படியெடுத்துத் தருவதற்குக் கட்டணம். ஒவ்வொரு படியிலும் கையெழுத்துக்குக் கட்டணம். ஆவணம் நீண்டால் வருவாய் நீளும். படிகள் பெருகினால் வருவாய் பெருகும். தேவையில்லாத படியை நீக்குவோர் தம் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்வர். இவ்வமைப்பில் வழக்கு விரைந்து முடிந்தால்தான் வியப்பு!

சீர்திருத்தம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ‘ஆறு எழுத்தர் அலுவலகம்’ எனப் பெயர் பெற்ற பழைய இடைநிலை அலுவலகம் 1842இல் ஒழிக்கப்பட்டது. 1852ஆம் ஆண்டுச் சட்டங்கள் கட்டணத்திற்குப் பதிலாகச் சம்பளத்தை நிலைநாட்டின. வழக்குகளை ஆண்டுக்கணக்கில் தம்மிடம் வைத்திருந்த ‘மாஸ்டர்’ பதவிகளையும் நீக்கின. 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் தனித்தனியே இயங்கிய மன்றங்களை ஒன்றிணைத்தன. இந்த மாற்றங்கள் நீதிபதிகளுக்கு அறிவுரை கூறியதால் வந்தவை அல்ல. வழக்கு நடந்து செல்லும் பாதையை ஆராய்ந்து, அங்குக் கிடந்த முட்களை அகற்றியதால் வந்தவை.

இதே ஆங்கில நீதிமுறைதான் 1807ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தால் பினாங்கிற்கும், 1826ஆம் ஆண்டின் சாசனத்தால் சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றிற்கும் வந்தது. அதன் மேன்மைகளோடு அதன் நோய்களும் கப்பலேறி வந்தன எனலாம்.

தொழிற்சாலையில் பிறந்த முறை

இருபதாம் நூற்றாண்டில், பாதையை ஆராயும் இக்கலை நீதிமன்றத்திற்கு வெளியே, தொழிற்சாலையில் வளர்ந்தது. அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் 1924இல் பொருள்களின் தரத்தைக் கணக்கின்வழி கண்காணிக்கும் வரைபடத்தை வகுத்தார். அவர்வழி வந்த எட்வர்ட்ஸ் டெமிங், 1950இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்டு அந்நாட்டுப் பொறியியலாளர்க்கும் நிறுவனத் தலைவர்க்கும் விரிவுரை ஆற்றினார். டொயோட்டா நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ, உற்பத்தியில் நேரும் வீண்களை வகைப்படுத்தியபோது ‘காத்திருத்தல்’ என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

இம்முறையின் சாரத்தைச் சில சொற்களில் கூறலாம். தவறு நேர்ந்தால் ஆளைத் தேடாதே, வழியைத் தேடு. ஒரு வேலை தொடங்கி முடியும் வரையுள்ள படிகளை வரிசையாக எழுது. எந்தப் படியில் வேலை நடக்கிறது, எந்தப் படியில் வேலை வெறுமனே கிடக்கிறது என்று அளந்து பார். மாற்று. மாற்றியபின் மீண்டும் அள.

காத்திருப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. 1961இல் ஜான் லிட்டில் என்னும் அறிஞர் அதனை நிறுவினார். நம் மாணவர்க்கு விளங்குமாறு அதனைச் சொல்வேன். ஒரு நீதிமன்றத்தில் 1,200 வழக்குகள் காத்திருக்கின்றன எனக் கொள்வோம். மாதம் 50 வழக்குகள் முடிகின்றன. புதிதாக 50 வழக்குகள் வருகின்றன. வரிசை முறைப்படி நடந்தால், இன்று பதிவாகும் வழக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். நீதிபதி நாள்தோறும் அயராது உழைத்தாலும் இந்த 24 மாதம் குறையாது. பழைய தேக்கத்தை ஒருமுறை வடித்துவிட்டால், அதே நீதிபதி அதே உழைப்பில் வழக்குகளை உடனுக்குடன் முடித்துவிட முடியும். நீதிமன்றத் தேக்கத்தின் மறைபொருள் இதுவே. அன்றாட உழைப்பைக் காட்டிலும், முன்பே தேங்கிய குவியல்தான் காத்திருப்பை நிர்ணயிக்கிறது.

இம்முறைகள் நம் வட்டாரத்து அரசுப் பணிகளுக்கும் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் அரசுத் துறைகளில் 1981இல் பணிமேம்பாட்டுக் குழுக்கள் தொடங்கின. மலேசியாவில் 1982இல் அறிவிக்கப்பட்ட கிழக்கு நோக்கும் கொள்கை ஜப்பானிய வேலை முறைகளின்பால் கவனத்தைத் திருப்பிற்று. 1993 முதல் அரசு அலுவலகங்கள் வாடிக்கையாளர் சாசனம் வெளியிடலாயின. இன்ன வேலை இத்தனை நாளில் முடியும் என்று முகப்பில் எழுதி வைக்கும் வழக்கம் அவ்வாறு தோன்றியதே. ஆனால் நீதிமன்றம் ஏனைய அலுவலகம் போன்றதன்று. அதன் தன்னுரிமையில் அரசு தலையிடலாகாது. ஆகவே அங்கு மாற்றம் வருமாயின் நீதிபதிகளிடமிருந்தே வரவேண்டும்.

சிங்கப்பூர் கண்ட மாற்றம்

1990 செப்டம்பரில் சிங்கப்பூரின் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்ற யோங் புங் ஹாவ், கோலாலம்பூரில் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்து பின்னர் வங்கித் துறையில் உயர்ந்தவர். உயர்நீதிமன்றத்தில் அப்போது ஏறத்தாழ 2,000 வழக்குகள் விசாரணை நாளுக்காகக் காத்திருந்தன. பல ஆண்டு பழமையானவையும் அவற்றுள் இருந்தன.

நீதிபதிகளின் எண்ணிக்கை உயர்த்தப்பட்டது. ஆனால் அதனினும் முதன்மையான மாற்றம் விசாரணைக்கு முன்னர் நிகழ்ந்தது. இரு தரப்பு வழக்கறிஞரையும் முன்கூட்டியே அழைத்து, எது உண்மையில் பிணக்கு, எத்தனை சாட்சிகள், எத்தனை நாள் தேவை என வரையறுக்கும் கூட்டங்கள் நடத்தப்பட்டன. தக்க காரணமின்றி ஒத்திவைப்புக் கேட்டால் மறுக்கப்பட்டது. வழக்கின் வேகத்தை வழக்கறிஞர் வகுத்த காலம் மாறி, நீதிமன்றமே வகுக்கும் காலம் வந்தது.

1992இல் இரவு நீதிமன்றம் தொடங்கப்பட்டது. சாலைக் குற்றம் போன்ற சிறு குற்றங்களுக்கு அழைப்பாணை பெற்றவர் பகல் வேலை முடித்து மாலையில் வந்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள முடிந்தது. இதனைப் படித்தபோது கூலியில்லா நாள்களை எண்ணிக்கொண்டு பேருந்தில் அமர்ந்திருந்த என் தந்தையாரின் முகமே என் நினைவில் வந்தது. நீதிமன்றத்தின் நேரத்தை மட்டுமன்றி நீதி நாடி வருவோரின் நேரத்தையும் ஒரு செலவாகக் கருதியமையே இம்மாற்றத்தின் சிறப்பு.

சிறு தொகைப் பிணக்குகளை வழக்கறிஞர் இன்றியே தீர்க்கும் நடுவர் மன்றம் 1985ஆம் ஆண்டிலேயே அங்குத் தோன்றியிருந்தது. கீழ்நிலை நீதிமன்றங்களில் 1994 முதல் சமரசப் பேச்சுக்கும் வழி திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஆவணங்களை மின்னணு வழியே பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. ‘கோப்பு வரவில்லை’ என்னும் சொல்லுக்கு அதன்பின் இடம் குறைந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் பழைய தேக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது.

மலேசியாவில் எண்ணப்பட்ட கோப்புகள்

மலேசியாவில் 2008 அக்டோபரில் தலைமை நீதிபதியான துன் ஜாக்கி அஸ்மியும் வழக்கறிஞராக நெடுங்காலம் பணியாற்றி 2007இல் நீதிபதியானவர். அவர் பதவிக்காலம் 2011 செப்டம்பரில் முடிந்தது. மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான அக்காலத்தில் நிகழ்ந்தவை உலக வங்கி 2011இல் தனி அறிக்கையாக ஆராயும் அளவுக்கு அமைந்தன.

முதற்பணி மிக எளியது. கோப்பறைகளைத் திறந்து கோப்புகளை எண்ணினர். ஒழுங்கின்றிக் கிடந்த கோப்புகளை அடுக்கி, எத்தனை வழக்குகள் உயிருடன் உள்ளன, அவற்றுள் மிகப் பழையவை எவை என்று கணக்கெடுத்தனர். இருப்பு இன்னதென்று அறியாத கடைக்காரர் வணிகம் செய்ய இயலுமா? நீதிமன்றமும் அவ்வாறே.

அடுத்து, வழக்குகளை இரு வழியாகப் பிரித்தனர். ஆவணங்களையும் எழுத்து வாக்குமூலங்களையும் கொண்டே தீர்க்கத்தக்கவை ஒரு வழி. சாட்சிகளை விசாரிக்க வேண்டியவை மற்றொரு வழி. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றபோது, சிறு வழக்கும் பெரு வழக்கின் பின்னே காத்திருந்தது. வழி பிரிந்ததும் சிறியவை விரைந்து நகர்ந்தன. 2009 செப்டம்பரில் கோலாலம்பூரில் தொடங்கிய புதிய வணிக நீதிமன்றம், வழக்குகளை ஒன்பது மாதத்தில் முடிக்கும் இலக்கை ஏற்றது.

மூன்றாவது மாற்றம் எழுதுகோலைப் பற்றியது. சாட்சி கூறுவதை நீதிபதியே கையால் எழுதிக்கொள்வது நெடுநாள் வழக்கம். சாட்சி பேசும் வேகத்தை நீதிபதியின் கைவிரல்கள் தடுத்தன. ஒலியும் ஒளியும் பதிவாகும் கருவிகள் வந்தபின் நீதிபதியின் கை ஓய்ந்தது. கண் சாட்சியின் முகத்தைப் பார்க்க முடிந்தது. இங்கு ஆராய்ச்சி குறையவில்லை, கூடியது. நேரமோ மிஞ்சியது. உண்மையான மேம்பாடு எதுவென அறிய இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

விரைவும் பதற்றமும்

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, விரைவே நீதி என்று முடிவு கட்டுதல் கூடாது. மலேசியாவில் இம்மாற்றம் நிகழ்ந்தபோது வழக்கறிஞர் பலர் குறை கூறினர். ஒரே நாளில் வெவ்வேறு மன்றங்களில் வழக்கு வைக்கப்படுகிறது, உரிய காரணத்திற்கும் ஒத்திவைப்பு மறுக்கப்படுகிறது, எண்ணிக்கைக்காக அவசரப்படுகின்றனர் என்பன அவர்தம் மனக்குறைகள். சிங்கப்பூரிலும் விசாரணை நாள் கூடக்கூடக் கட்டணம் உயரும் முறை, பொருள் வசதியற்றோர்க்குத் தடையாகுமோ என்னும் ஐயத்தை எழுப்பிற்று.

இக்குறைகளைப் புறந்தள்ளல் ஆகாது. சான்செரி எழுத்தர்க்குப் பக்கக் கணக்கில் வருவாய் வந்தது. ஆகவே பக்கங்கள் பெருகின. நீதிபதியின் திறமையை முடித்த வழக்குகளின் எண்ணிக்கையால் மட்டுமே அளந்தால், கடினமான வழக்கு ஒதுங்கும். எளிய வழக்கு முந்தும். அன்று நீளத்தை அளந்தது பிழை. இன்று எண்ணிக்கையை மட்டும் அளப்பதும் அதே பிழையின் மறுமுகமே.

ஈண்டுச் சிலப்பதிகாரம் நமக்குத் துணை வருகிறது. பொற்கொல்லனின் சொல்லை நம்பிய பாண்டியன் ஒரு கணத்தில் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். அதனினும் விரைந்த நீதி உலகில் இல்லை. அதனினும் கொடிய அநீதியும் இல்லை. பின்னர்க் கண்ணகி வந்தாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்ததும் உண்மை தெறித்து விழுந்தது. அச்சோதனைக்கு எவ்வளவு நேரம் சென்றது? ஒரு நொடி. பாண்டியன் அந்த ஒரு நொடியைச் செலவிட மறுத்தான். மதுரையையே விலையாகக் கொடுத்தான்.

என் தந்தையாரின் வழக்கையும் கோவலனின் வழக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் ஆராய்ச்சிக்கு ஒரு முற்பகல் போதுமாயிருந்தும் ஆறு ஆண்டுகள் வீணாயின. மற்றொன்றில் ஒரு நொடி ஆராய்ச்சியும் மறுக்கப்பட்டது. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் குறை ஒன்றே. எந்தப் படி இன்றியமையாதது, எந்தப் படி வெறுங்காத்திருப்பு என்று பிரித்தறியாமையே அக்குறை. காத்திருப்பைக் குறைக்க வேண்டும்; ஆராய்ச்சியைக் குறைத்தலாகாது. பணிமேம்பாடு என்னும் கலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கும்.

நமக்குரிய பாடம்

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன உண்டு என்று கேட்கலாம். நம் பள்ளியும் மக்கள் நாடி வரும் ஓர் அலுவலகமே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் மகனின் உதவி விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டு என்னிடம் வந்தார். அதற்கு முன் இரு முறை வந்து திரும்பியிருந்தார். வந்த நாள்களில் அவருக்கும் கூலியில்லை. அன்று மாலை அவ்விண்ணப்பம் சென்ற வழியை நானே தாளில் எழுதிப் பார்த்தேன். பதினேழு நாள் ஆகியிருந்தது. அதனைப் படித்துச் சரிபார்த்து ஒப்பமிடும் வேலை அரைமணி நேரமே. எஞ்சிய நாள் முழுவதும் அது மேசைகளில் கிடந்தது. அவற்றுள் ஒன்பது நாள் கிடந்தது என் மேசையில்! ஆறு ஆண்டுகளை உண்டது யார் என்று சிறுவயதில் நான் கேட்ட கேள்விக்கு, தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தபடி விடை கண்டேன். தீயவர் எவரும் உண்ணவில்லை. தம் கடமையில் குறையில்லை என்று நம்பும் என்போன்றோரின் மேசைகளே உண்டன.

அன்றுமுதல் விண்ணப்பம் வந்த நாளையும் சென்ற நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்தேன். பெரிய கருவி ஏதும் வாங்கவில்லை. எழுதத் தொடங்கியதுமே நாள்கள் குறைந்தன.

மாணவர்க்கு மனுநீதிச் சோழனின் கதையைக் கூறும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வியும் கேட்கிறேன். அம்மணிக்கு விரைவு மணி என்று பெயரில்லை. அழைப்பு மணி என்றும் பெயரில்லை. ஆராய்ச்சி மணி என்று ஏன் பெயரிட்டனர்? பிள்ளைகள் சிந்தித்துப் பலவாறு விடை கூறுவர். ஒலித்தவுடன் வருவதும் கடமை. வந்தபின் ஆராய்வதும் கடமை என்று ஒரு மாணவி சென்ற ஆண்டு கூறினாள். நீதிமன்றத்தில் அமர்வோரும் அலுவலக முகப்பில் அமர்வோரும் பள்ளியை நடத்துவோரும் அவ்விரு கடமைகளையும் ஒருசேரப் போற்றுவாராக.